காத்தடிக்க வந்தவர்

அவருக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கவேணும் எண்டால் முதலிலை உங்கடை வாகனத்திலை ஏதாவது பிழை இருக்கவேணும். டயரிலை காத்துக் குறைஞ்சிருக்கவேணும், இல்லாட்டிப் பிள்ளையின்ரை சைக்கிளாவது காத்துப்போய்க் கிடக்கவேணும். ஒண்டும் இல்லை, எல்லாம் சரியாக் கிடக்கு எண்டால் அந்த மனுசன் வாசலோடை திரும்பிப் போயிடும். நீங்கள் தலைகீழா நிண்டாலும் உள்ளுக்கை வராது. லண்டனிலை நான் காணாத ரோசக்காரரே? கலியாண வீட்டிலை தன்னை முதல் பந்திக்குக் கூப்பிடேல்லை எண்டு மொய்யையும் குடுக்காமல் போனவையை எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இப்பிடி ஒரு ரோசத்தை நான் அதுக்கு முன்னமும் காணேல்லை, பிறகும் காணேல்லை.

அவற்றை பேரை இதிலை எழுத எனக்கு விருப்பமில்லை. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலை எங்கடை ஆக்கள் எல்லாரும் கொம்பிரசர் அண்ணை எண்டுதான் சொல்லுறது. ஆள் நல்ல நெடுவல், மெலிவு. எந்தக் குளிருக்கும் அயன் பண்ணின சேட்டு, பொக்கற்றிலை ஒரு பேனை. பாக்கிறவை ஏதோ வங்கியிலை வேலை எண்டு நினைப்பினம், பின்னாலை இழுத்துக்கொண்டு வாற சாமானைக் காணுமட்டும். வெள்ளைக்காரக் கிழவியள் கடைக்குக் கொண்டுபோற சில்லுப் பூட்டின துணிப்பை இருக்கெல்லே, அது. அதுக்குள்ளைதான் அவற்றை காத்தடிக்கிற மெஷின். பெரிய பிரஷர் குக்கர் அளவிலை ஒரு சிவப்புச் சிலிண்டர், அதுக்கு மேலை மோட்டர், ஒரு மீற்றர், பாம்பு மாதிரிச் சுருட்டின ஹோஸ். கனடாவுக்குப் போன ஒரு சிநேகிதன் விட்டிட்டுப் போன சாமானாம். அந்தப் பாரத்தை, தான் இருந்த பார்க்கிங் எண்ட ஊரிலையிருந்து பஸ்ஸிலை ஏத்தி இறக்கிக்கொண்டு வருவார்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ" எண்டால் இருக்கமாட்டார்.

"முதலிலை டயரைப் பாப்பம், தங்கச்சி."

அதுதான் அவற்றை வணக்கம், சுகம் விசாரிப்பு எல்லாம்.

மெக்கானிக்கோ எண்டு கேட்டால், இல்லை. ஊரிலை கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராய் இருந்தவர். அரிசியும் பருப்பும் நிறுத்த கை. மெஷினைப் பற்றி அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் அதோடை வந்த விளக்கத் துண்டைப் படிச்சும், பிழைவிட்டும் பழகினதுதான். எங்கடை பக்கத்து வீட்டுத் தம்பியின்ரை சைக்கிளுக்குக் காத்தடிக்கிறன் எண்டு டியூப்பை வெடிக்கப் பண்ணினவர். வெடிச்ச சத்தத்துக்குத் தெருவே கதவைத் திறந்து பாத்துது. அண்டைக்கு அந்த வீட்டிலை எவ்வளவோ கெஞ்சியும் அவர் சாப்பிடேல்லை. அலுவல் பிழைச்சுப்போச்சாம், பிறகென்ன சாப்பாடாம். அடுத்த கிழமை எங்கையோ ஒரு பழைய டியூப்பைத் தேடிக் கொண்டந்து பூட்டிக் குடுத்திட்டுத்தான் அந்த வீட்டுப் படியேறினவர்.

இவ்வளவு ரோசம் எங்கையிருந்து வந்தது எண்டு எனக்கு முதலிலை விளங்கேல்லை. பெருமை பிடிச்ச மனுசன் எண்டு நானே சொல்லியிருக்கிறன். அவற்றை அகதிக் கேஸ் குரோய்டன் கந்தோரிலை இழுபட்டுக்கொண்டு கிடந்தது. முடிவு வருமட்டும் வேலை செய்ய அனுமதி இல்லை. சட்டத்துக்குப் பயந்த ஆள், ஒருதரிட்டையும் காசு எண்டு கை நீட்டமாட்டார். நாலைஞ்சு பேரோடை ஒரு வீடு, ஒரு அடுப்பு. அந்த அடுப்பு எப்பவும் ஆரோ ஒருத்தன்ரை கையிலை. பாணும் சம்பலும், பாணும் வாழைப்பழமும், அதுதான் அண்ணையின்ரை சாப்பாடு எண்டு கூட இருந்த பெடியன் ஒருத்தன் கோயிலிலை வைச்சு எனக்குச் சொன்னவன். ஒரு சுடுசோறு வயித்துக்குள்ளை போறது எண்டால் அது ஆற்றையாவது வீட்டிலை காத்தடிச்ச நாளிலைதான். கோயிலிலைகூட அப்பிடித்தான். அன்னதானத்துக்கு முதல் குசினிக்குள்ளை போய்க் கிடாரம் தேய்ச்சுப்போட்டுத்தான் வந்து இருப்பார்.

எங்கடை வீட்டுக்கு அவர் வந்தது ட்ரெயிலராலை. எங்களிட்டை ஒரு சாப்பாட்டு ட்ரெயிலர் இருந்தது. காருக்குப் பின்னாலை கொழுவி இழுத்துக்கொண்டு போறது. உள்ளுக்கை அடுப்பு, பாத்திரம் கழுவுற சிங், தண்ணி டாங்கி, சுடுதண்ணி ஹீற்றர், எல்லாம் இருக்கும். கோடையிலை கோயில் தேர், பிள்ளையளின்ரை விளையாட்டுப் போட்டி எண்டு போய் நானும் இவரும் கொத்துரொட்டி, ரோல்ஸ், வடை போடுவம். இவர் எண்டால் என்ரை மனுசன். எங்கடை வீடு மூலை வீடு, பக்கத்திலை கொஞ்சம் இடம் கிடந்தது. குளிருக்கு ட்ரெயிலரை அதிலை விட்டிட்டு ஒரு படங்கை இழுத்து மூடுவம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்ச பராமரிப்பு.

2009ஆம் ஆண்டு மாசியிலை லண்டனிலை ஸ்னோ கொட்டினது கனபேருக்கு ஞாபகம் இருக்கும். பஸ் ஓடேல்லை, பள்ளிக்கூடம் பூட்டு. எங்களுக்கு ஒரே சந்தோசம், புளுகம். மகளை ட்ரெயிலருக்கு முன்னாலை நிப்பாட்டி எத்தினை படம் எடுத்தம்! உள்ளுக்கை குழாய்க்குள்ளை நிண்ட தண்ணி உறைஞ்சு, குழாயையும் ஹீற்றரையும் பிளந்துகொண்டு கிடந்தது எங்களுக்கு எங்கை தெரிஞ்சுது? பனி விட்டபிறகு திறந்து தண்ணியை விட்டால், என்ரை ஐயோ, சிங்குக்குக் கீழை ஒரு அருவி. இவர் தலையிலை கையை வைச்சுக்கொண்டு நிலத்திலை இருந்திட்டார்.

அப்பதான் ஆரோ சொல்லி அவர் வந்தவர். சுத்திப் பாத்தார். "தம்பி, குழாய் வேலைக்கு ஆளைப் பிடியுங்கோ. எனக்கு உது தெரியாது. ரெண்டு டயரும் காத்திறங்கி இருந்துபோச்சு, அதை நான் அடிக்கிறன்" எண்டார். அடிச்சார். குழாய் மாத்தினபிறகு இன்னொருக்கா வந்து, குழாய்க்குள்ளை காத்தை விட்டு, குழாய் பொருந்திற பூட்டுக்குப் பூட்டுச் சவர்க்காரத் தண்ணி தடவி எங்கை நுரைக்குது எண்டு பாத்தார். அதுக்குப் பிறகுதான் கை கழுவினார். நான் புட்டும் மீன்குழம்பும் வைச்சன். தலையை நிமித்தாமல், ஆறுதலா, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். எழும்பி, சாப்பிட்ட பிளேட்டைத் தானே கழுவப் போட்டார்.

"அண்ணை, உதென்ன வேலை! வையுங்கோ அதை."

"பரவாயில்லை, தங்கச்சி."

பிறகு ஒவ்வொரு முறையும் இந்தச் சண்டை நடக்கும். ஒவ்வொரு முறையும் அவர்தான் வெல்லுவார். பிளேட்டைக் கழுவித் துடைச்சு, இருந்த இடத்திலை வைச்சிட்டுத்தான் தேத்தண்ணியைத் தொடுவார்.

"குளிர் வரமுந்திக் கூப்பிடுங்கோ" எண்டு அண்டைக்கே சொல்லிப்போட்டார். "டாங்கியைத் திறந்துவிட்டு, குழாய்க்குள்ளை காத்தை அடிச்சு, நிக்கிற தண்ணியை எல்லாம் கலைச்சுப்போட்டு மூடவேணும். தண்ணி இல்லாட்டி உறையிறதுக்கு ஒண்டுமில்லை."

மகளின்ரை பிறந்தநாளுக்கு அவரையும் கூப்பிட்டனாங்கள். எல்லாரும் பரிசோடை வந்தினம். அவர் எல்லாருக்கும் முதல் மெஷினோடை வந்து நிண்டுகொண்டு, "என்ன அலுவல்?" எண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பலூன் பையைத் தூக்கிக் கையிலை குடுத்தன். முதல் ரெண்டு மூண்டும் வெடி கொளுத்தின மாதிரிப் படார் படார். பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிச்சுதுகள். மெஷினைப் போட்டு உடனை நிப்பாட்டினால் சரிவருது எண்டு கண்டுபிடிச்சவர், பிறகு விடேல்லை. வீடு நிறையப் பலூன். "மாமா, இன்னும் ஒண்டு, ப்ளீஸ்" எண்டு மகள் அவற்றை காலைச் சுத்திக்கொண்டு நிண்டாள். அண்டைக்கு அவர் கேக்கும் சாப்பிட்டார், சோறும் சாப்பிட்டார். வேலை நிறையச் செய்த திருப்தி.

அந்த வருசம் எங்களுக்கு எப்பிடிப்பட்ட வருசம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. வன்னியிலை சண்டை முடிஞ்ச வைகாசி வரைக்கும் எங்கடை சனம் பாராளுமன்றத்துக்கு முன்னாலை ரோட்டிலை கிடந்தது. அவரும் நிண்டவர். அவற்றை மனிசியும் மகனும் கடைசியாய் வெளியிலை வந்து வவுனியா முகாமிலை இருக்கினம் எண்டு ஆனியிலைதான் தகவல் வந்தது. உயிரோடை இருக்கினம். அந்தச் செய்தி வந்த அண்டைக்கும் ஒரு வீட்டுக்குப் போய்க் காத்தடிச்சவர்.

கோடையிலை விளையாட்டுப் போட்டி எல்லாம் குறைஞ்சு போச்சு. ஒருதருக்கும் மனமில்லை. பிள்ளையளுக்காக எண்டு ஒண்டு ரெண்டு நடந்தது. அப்பிடி ஒண்டுக்கு அவரையும் ட்ரெயிலரோடை கூட்டிக்கொண்டு போனம். வழியிலை டயர் காத்துப்போனால் ஆர் பாக்கிறது எண்டு சாட்டுச் சொல்லி. மத்தியானம் எங்கடை ட்ரெயிலருக்கு முன்னாலை கொத்துக்கு நல்ல லைன். அவர் ஒரு பக்கமா நிண்டு அந்த லைனையே பாத்துக்கொண்டு நிண்டார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன அண்ணை, பசிக்குதே?"

"இல்லைத் தங்கச்சி. நானும் கனகாலம் லைனுக்கு இந்தப் பக்கம் நிண்டனான்." லைனைப் பாத்தபடியே சொன்னார்: "சங்கக்கடையிலை நிவாரணம் நிறுத்துக் குடுக்கிறது என்ரை வேலை. தோட்டம் துரவோடை ராசா மாதிரி இருந்த சனம், கார்ட்டை நீட்டிக்கொண்டு என்ரை முகத்தைப் பாக்காமல் நிக்கும். சும்மா வாங்கிறவன்ரை முகம் எப்பிடி இருக்கும் எண்டு என்னை விட ஒருத்தனுக்கும் தெரியாது. இப்ப என்ரை மனிசி நிக்கிறா அந்த லைனிலை, பிளேட்டோடை. நான் இஞ்சை சும்மா இருந்து சாப்பிட ஏலுமே, சொல்லுங்கோ?"

கொத்து அடிக்கிற சத்தத்துக்குள்ளை கண்ணைத் துடைச்சன். வெங்காயம் எண்டு நினைச்சிருப்பார். அண்டைக்கிருந்து அந்த மனுசனை ரோசக்காரன் எண்டு நான் வாய் திறக்கேல்லை.

ஆனால் என்ரை வாய்தான் அப்பிடி, என்ரை கை சும்மா இருக்குமே? ஆடியமாவாசை வந்தது. அப்பாவுக்கு விரதம் பிடிச்சு, எத்தினையோ கறி சமைச்சு வைச்சிருக்கிறன். இப்பிடியான நாளிலை வெளியாள் ஒருத்தருக்குச் சாப்பாடு குடுத்தால் மனத்துக்கு நிறைவாய் இருக்கும். போன் எடுத்து, "அண்ணை, கார் டயர் இருந்துபோச்சு, ஒருக்கா வாங்கோ" எண்டன். வந்தார். மீற்றரைப் பிடிச்சுப் பாத்தார். நாலு டயரையும் பாத்தார். ஹோஸைச் சுருட்டினார்.

"காத்துச் சரியாக் கிடக்கு, தங்கச்சி."

"சரி, வந்தனீங்கள், ஒரு பிடி சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"இல்லைத் தங்கச்சி." கோவமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் இருந்தது. "இனிமேல் பொய் சொல்லிக் கூப்பிடாதேங்கோ. பிறகு உண்மையா அலுவல் இருந்து கூப்பிட்டாலும் எனக்கு இந்த வாசலுக்கு வரக் கால் எழும்பாது."

வாழையிலையிலை போட்ட சாப்பாடு அப்பிடியே கிடந்தது. அந்தப் பை ரோட்டு முடியுமட்டும் கடகடவெண்டு உருண்டு போற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிண்டன்.

இனி என்ரை மனுசன் செய்த உபகாரத்தைச் சொல்லவேணும். இவர் மாதிரி நல்ல மனம் ஒருதருக்கும் வராது. அதுதான் கரைச்சலே. ஐப்பசியிலை ஒரு நாள் நல்ல மழை. எங்கடை டயருக்குக் காத்தடிக்க வரச்சொல்லியிருந்தம். பஸ்காரன் அந்தப் பையை ஏத்தமாட்டன் எண்டு சொல்லிப்போட்டானாம். மனுசன் பார்க்கிங்கிலையிருந்து நடந்து வந்து சேர்ந்தது, தலையிலையிருந்து கால்மட்டும் தெப்பமாய். மெஷின் மட்டும் நனையேல்லை. தன்ரை கோட்டைக் கழட்டி அதுக்கு மூடியிருந்தார்.

இவருக்கு மனம் உருகிப்போச்சு. "ஒரு வயசான மனுசனை இப்பிடி அலைக்கழிக்கிறமே, பாவமெல்லே" எண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் புலம்பினார். அடுத்த சனிக்கிழமை எங்கையோ மலிவு விற்பனை எண்டு போய் ஒரு புதுக் கொம்பிரசரைத் தூக்கிக்கொண்டு வந்திட்டார். எங்கடை ஆக்களுக்கு ஒரு குணம் இருக்கு. ஒருதருக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டால் போதும், வேறை ஒண்டும் யோசிக்கமாட்டம். பெட்டியைப் பிரிக்க முந்தியே அவருக்குப் போன் போட்டு, நாங்களும் கேக்கட்டும் எண்டு ஸ்பீக்கரிலை விட்டார்.

"அண்ணை, இனி நீங்கள் மழைக்குள்ளை இழுபடத் தேவையில்லை. நாங்களும் ஒண்டு வாங்கிட்டம்!"

"நல்லது தம்பி. நல்ல சாமானோ?" எண்டார்.

"புதுசு அண்ணை. சத்தமும் குறைவு."

"நல்லது, நல்லது. டாங்கித் தண்ணியை வடிவாத் திறந்து விடுங்கோ. காத்தைக் கூடுதலா வைக்காதேங்கோ, பூட்டுக் கழண்டிடும்."

அவ்வளவுதான் கதைச்சவர். இவருக்கு அதோடை திருப்தி இல்லை. மெஷினைத் தெருவிலை இருக்கிற எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் இரவல் குடுத்தார். "பாவம் அந்த மனுசன், ஏன் அவருக்குக் கரைச்சல் குடுப்பான், இதைக் கொண்டுபோங்கோ." ஒவ்வொரு வீடா அவரைக் கூப்பிடுறது நிண்டுது. எல்லாரும் நல்லதுதான் செய்தினம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மினக்கெட்டு இவர் ட்ரெயிலரைத் தானே குளிருக்கு மூடினார். டாங்கியைத் திறந்தார், ஹீற்றரைத் திறந்தார், ஒவ்வொரு பைப்பா காத்தடிச்சார், பம்பைக் கழட்டி வீட்டுக்குள்ளை வைச்சார், டயரை நிரப்பினார், படங்கை இழுத்துக் கட்டினார். அப்பிடி ஒரு சோக்கான வேலை. ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

மார்கழியிலை பார்க்கிங் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போன இடத்திலை அவரைக் கண்டன். பை இல்லாமல், வெறுங்கையோடை. முதலிலை எனக்கு ஆளை மட்டுக்கட்டவே ஏலேல்லை. சேட்டு அதே மாதிரி அயன் பண்ணித்தான் கிடந்தது. ஆனால் கொலருக்குள்ளை கழுத்து எங்கை? ரெண்டு விரல் போற இடைவெளி. கன்னம் ஒட்டிப்போய், பெல்ற்றிலை புதுசா ஓட்டை குத்தியிருந்தது.

"ஏன் அண்ணை எங்கடை பக்கம் காணேல்லை?"

"வாறதுக்கு என்ன அலுவல் கிடக்கு, தங்கச்சி?"

குத்திக் கதைக்கேல்லை. உண்மையாத்தான் கேட்டவர். ஏதாவது இருக்குமோ எண்டு என்ரை முகத்தைப் பாத்தார்.

"சாப்பிட்டனீங்களே?"

"ஓம் ஓம்."

எங்கடை ஆக்கள் உயிர் போனாலும் அந்தக் கேள்விக்கு ஓம் எண்டுதானே சொல்லுவினம். பஸ்ஸிலை வரேக்கை எனக்கு அழுகை வந்தது, அதை விட ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்த உடனை மரக்கறிப் பையைப் போட்ட போடிலை தக்காளி எல்லாம் உருண்டுது.

"உங்கடை கண்டறியாத மெஷின்! அந்த மனுசன்ரை சோத்திலை மண்ணைப் போட்டிட்டியள்!"

"இஞ்சரும், உமக்கென்ன விசரே? அந்தாள் நனையக்கூடாது எண்டுதானே வாங்கினனான்."

"நனைஞ்சாலும் சாப்பிட்டிட்டுப் போனவர். இப்ப நனையாமல் பட்டினி கிடக்கிறார்."

பார்க்கிங்கிலை கண்டதைச் சொன்னன். இவற்றை முகம் செத்துப்போச்சு. உருண்ட தக்காளியைப் பொறுக்கிக்கொண்டு, "டயரிலை காத்தைத் திறந்து விடுவமே?" எண்டார்.

"விட்டால்? புது மெஷின் கிடக்குத்தானே தம்பி எண்டு கேக்கமாட்டாரே?"

"அப்ப ட்ரெயிலருக்குள்ளை திருப்பித் தண்ணியை ஊத்துவம்."

"ஊத்தி, அவர் வராட்டி? இண்டைக்கே வெளியிலை உறையுது. போன குளிருக்கு வெடிச்சது காணாதே?"

ஒரு வழிதான் இருந்தது, அதுவும் அவர் வேண்டாம் எண்டு சொன்ன வழி. ஆடியமாவாசைக்கு அவர் சொன்னது என்ரை காதிலை அப்பிடியே கிடந்தது. இன்னொருக்காப் பொய் எண்டு கண்டால் இந்த வாசலை அவர் திரும்பிப் பாக்கமாட்டார். ஆனால் கூப்பிடாட்டியும் வரப்போறதில்லைத்தானே. போனை எடுத்தன். "அண்ணை, இவற்றை மெஷினாலை குழாய்த் தண்ணி முழுக்கப் போகேல்லைப் போலை. ஸ்னோ வரப்போகுதாம். எனக்குப் பயமாக் கிடக்கு." பயமாக் கிடந்தது மட்டும் உண்மை.

"நாளைக்கு வாறன்" எண்டார்.

அடுத்த நாள் நான் புட்டு அவிச்சன். மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பொரிச்ச கறி, சொதி. குசினி யன்னலுக்கு நேரைதான் ட்ரெயிலர். கடகடவெண்டு பை வாற சத்தம் கேட்ட உடனை இவரைத் தயிர் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு கடைக்குக் கலைச்சன். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. முகத்திலையே எழுதியிருக்கும்.

நிலத்திலை மெல்லிசா ஸ்னோ. அவர் வந்து நிண்டு கையைத் தேய்ச்சார்.

"இருங்கோ அண்ணை, தேத்தண்ணி..."

"முதலிலை ட்ரெயிலரைப் பாப்பம், தங்கச்சி."

யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டன். படங்கை அவிட்டார். கதவைத் திறந்து, சிங் பைப்பைத் திறந்தார். ஒண்டும் வரேல்லை. மற்றதைத் திறந்தார். ஒண்டும் இல்லை. வெளியிலை வந்து குனிஞ்சு, தண்ணி போற வாய்க்குள்ளை விரலை விட்டு எடுத்துப் பாத்தார். குழாயிலை காதை வைச்சுத் தட்டிப் பாத்தார். முடிஞ்சுது கதை எண்டு நினைச்சன். அவர் நிமிந்து யன்னல் பக்கம் பாத்தார். நான் அகப்பையோடை நிக்கிறன். பின்னாலை புட்டுப் பானை ஆவி பறக்குது. கண்ணை எங்கை வைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

"தங்கச்சி, ஒரு வாளி தாருங்கோ" எண்டார்.

ஓடிப்போய்க் குடுத்தன். தண்ணி போற வாய்க்குக் கீழை வாளியை வைச்சார். மெஷினைக் கொழுவினார். குழாய்க்குள்ளை காத்தை விட்டிட்டு உள்ளுக்கை போய் ஒவ்வொரு பைப்பாத் திறந்தார், பூட்டினார், திரும்பத் திறந்தார். ஹீற்றருக்கு அடிச்சார். மெஷின் நிண்டு நிண்டு கத்திச்சுது. அந்தக் குளிருக்குள்ளை ஒண்டையும் விடாமல், ஒரு இடமும் குறைக்காமல் செய்தார். பிறகு டயர் ரெண்டையும் பாத்தார். படங்கை முதல் இருந்ததை விட வடிவாக் கட்டினார்.

உள்ளுக்கை வந்து கை கழுவினார். சோப்புப் போட்டு ஆறுதலாக் கழுவினார். முதுகு என்ரை பக்கம்.

"நல்ல காலம் கூப்பிட்டது, தங்கச்சி. மூலைக் குழாய்க்குள்ளை தண்ணி நிண்டது. இண்டைக்கு விட்டிருந்தால் வெடிச்சிருக்கும்."

அந்த நேரம் பாத்து இவர் தயிரோடை உள்ளுக்கை வந்தார். கேட்டிட்டார். வாயைத் திறந்தவர் என்ரை கண்ணைக் கண்டிட்டு மூடினார்.

அவர் இருந்தார். புட்டு வைச்சன். சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ" எண்டு கேட்டார். வாய் திறந்து அவர் கேட்டது அதுதான் முதல் தரம். விட்டன். புட்டும் திரும்ப வைச்சன். வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சாப்பிட்டு முடிச்சு, வழக்கம்போலை பிளேட்டைத் தூக்கிக்கொண்டு சிங்குக்குப் போனார். நானும் வழக்கம்போலை, "வையுங்கோ அண்ணை" எண்டன். கொஞ்ச நேரம் பிளேட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். பிறகு வைச்சார். கழுவேல்லை.

அடுத்த வருசம் கேஸ்காரர் அவரை வடக்குப் பக்கம் ஒரு டவுனுக்கு மாத்திப் போட்டாங்கள். போன் நம்பரும் மாறிப்போச்சு. மனிசியும் மகனும் வந்து சேர்ந்தினமோ, கேஸ் என்ன ஆச்சோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குளிர் முழுக்க எங்கடை வீட்டிலை ஏதோ ஒண்டு பழுதாய்க் கிடந்தது, அவரும் வந்துகொண்டுதான் இருந்தவர். அந்தப் பொய்யை அவர் பசியாலை சொன்னவரோ, அகப்பையோடை நிண்ட என்ரை முகத்துக்காகச் சொன்னவரோ, அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

புட்டு அவிச்ச அண்டைக்கு, அவர் பையை இழுத்துக்கொண்டு போனபிறகு இவர் குசினிக்குள்ளை அங்கையும் இஞ்சையும் நடந்தார். மனுசனுக்குப் பொறுக்கேலாமல் கிடந்தது.

"நான் வடிவா அடிச்சனானப்பா. ஒரு சொட்டு இல்லாமல் அடிச்சனான். பிறகெப்பிடித் தண்ணி நிண்டது?"

நான் வெளியிலை போய் வாளியை எடுத்தன். உள்ளுக்கை கையை விட்டு அடிமட்டும் தடவிப் பாத்தன். காய்ஞ்சு கிடந்தது. அதைக் கவிட்டு வைச்சிட்டு உள்ளுக்கை வந்தன்.

"உங்கடை மெஷின் சரியில்லை" எண்டன். "இனி அவரைத்தான் கூப்பிடவேணும்."